நஞ்சு நிலத்தைத் துப்புரவாக்க வருபவர்கள்: ஒரு குடும்பக் கம்பனியின் உள்ளே யார் எதை முடிவு செய்கிறார்கள்?

சுன்னாகம் கழிவெண்ணெய் வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பளித்தது. நொதேர்ன் பவர் கம்பனி 20 மில்லியன் ரூபா செலுத்த வேண்டும் என்பதும், பாதிக்கப்பட்ட கிணற்றுக்காரர் ஒருவருக்கு அதிலிருந்து ஆகக்கூடியது 40,000 ரூபா என்பதும் அந்தத் தீர்ப்பில் உள்ளவை. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை எங்கள் மண்ணின் ஒரு பிரச்சினைக்குப் பிரயோகித்த தீர்ப்பு என்ற வகையில் அது முக்கியமானது. ஆனால் அதன்பின் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்வி வேறு. காசு சரி, ஆர் வந்து துப்புரவாக்குறது?

நல்ல கேள்வி. நாற்பதாயிரத்துக்குக் கிணற்றை இறைக்கலாம், சேறு எடுக்கலாம். நிலத்துக்குக் கீழே சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள் போன எண்ணெயை எடுப்பது தனியான ஒரு தொழில். மாசடைந்த மண்ணையும் நிலத்தடி நீரையும் சீர்செய்யும் இந்தத் தொழிலை மாசகற்றல் என்பார்கள். உலகில் இதைச் செய்யும் கம்பனிகளில் கணிசமானவை குடும்பக் கம்பனிகள். தகப்பன் தலைவர், மகன் ஒருவர் நிதிக்கு, இன்னொருவர் வேலைத்தளங்களுக்கு என்று நடப்பவை. நாளைக்கு அப்படி ஒரு கம்பனி வலிகாமத்துக்கோ வேறெங்கோ வந்து இறங்கினால், அதற்குள் யாரைக் கேள்வி கேட்பது என்று நாங்கள் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. உதாரணத்துக்கு ஒரு அமெரிக்கக் கம்பனியை எடுக்கிறேன். அது செய்த வேலைகளும், அதன் வேலைத்தளத்தில் நடந்த ஒரு மோசடியும் அரசாங்க, நீதிமன்றப் பதிவுகளில் பகிரங்கமாகக் கிடக்கின்றன என்பதே காரணம்.

நியூயோர்க் மாநிலத்தின் நயாகரா ஃபோல்ஸ் நகரில் 1890களில் வில்லியம் லவ் என்பவர் ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கி இடையில் கைவிட்டார். 1942 முதல் 1953 வரை ஹூக்கர் கெமிக்கல் கம்பனி அந்தப் பள்ளத்தில் 21,000 தொன்னுக்கு மேற்பட்ட இரசாயனக் கழிவைக் கொட்டியது. பிறகு மண்ணால் மூடி, 1953இல் நகரப் பாடசாலைச் சபைக்கு ஒரு டொலருக்குக் கொடுத்தது. அதன்மேல் பாடசாலை கட்டப்பட்டது, சுற்றிவர வீடுகள் எழுந்தன. 1970களில் நிலக்கீழ் அறைகளுக்குள் கறுப்புத் திரவம் கசியத் தொடங்கியது. லோயிஸ் கிப்ஸ் என்ற இளம் தாய் வீடு வீடாகப் போய் நோய்களைக் குறித்து எடுத்தார். பெவர்லி பேய்ஜன் என்ற விஞ்ஞானி, பழைய ஓடைத் தடங்களை ஒட்டி அந்த நோய்கள் கூடியிருப்பதைக் கவனித்தார். 1978 ஓகஸ்ட்டில் ஜனாதிபதி கார்ட்டர் அவசரநிலை அறிவித்தார். முதலில் 239 குடும்பங்கள், 1980க்குப் பிறகு மேலும் பல நூறு குடும்பங்கள் வெளியேறின. லவ் கனால் என்ற பெயர் உலகறிந்தது இப்படித்தான்.

அந்த நகரத்தில் ஏலியா என்ற குடும்பம் 1917 முதல் கட்டட ஒப்பந்த வேலை செய்து வந்தது. அவர்களின் செவென்சன் என்ற கம்பனி லவ் கனால் துப்புரவு வேலையோடுதான் மாசகற்றல் துறைக்குள் வந்தது. பிறகு அமெரிக்காவின் பல மாநிலங்களில் நஞ்சு நிலங்களைச் சீர்செய்யும் பெரிய ஒப்பந்தகாரராக வளர்ந்தது.

கட்டடம் கட்டியவர்கள் ஏன் நஞ்சு அள்ள வந்தார்கள் என்று யோசிக்கலாம். லவ் கனாலில் செய்யப்பட்ட வேலையைப் பார்த்தால் விளங்கும். பள்ளத்தைச் சுற்றி ஆழமான அகழி வெட்டி, துளைக்குழாய் போட்டு, கசியும் நீரை ஓரிடத்தில் சேர்த்துச் சுத்திகரித்தார்கள். மேலே களிமண் மூடி போட்டார்கள். பின்னர் 40 ஏக்கர் அளவில் செயற்கை விரிப்போடு கூடிய மூடி வந்தது. அகழி, குழாய், களிமண், விரிப்பு என்று எல்லாம் மண்வேலைக்காரருக்குத் தெரிந்த வேலைகள்தான். புதிதாக வந்தது ஒன்றே ஒன்று: அள்ளுகிற மண் ஆளைக் கொல்லக்கூடியது. அகழி வெட்டும்போது ஏதும் நடந்தால் சனத்தை ஏற்றிச்செல்ல பஸ்கள் தயாராக நிறுத்தப்பட்டிருந்தன. அப்படி வேண்டும் என்று வற்புறுத்தியவர்கள் அங்கு வாழ்ந்த சனங்கள்.

இனி இப்படியான கம்பனியின் தலைமைக்கு வருகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். நிலம் எவ்வளவு சுத்தமாக வேண்டும் என்பதை ஒப்பந்தகாரர் தீர்மானிப்பதில்லை. அமெரிக்காவில் அதைத் தீர்மானிப்பது சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம். 1980 டிசம்பரில், லவ் கனாலின் அதிர்ச்சியில் பிறந்த சுப்பர்ஃபண்ட் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. திட்டத்தை வரைவது பொறியியல் ஆலோசனைக் கம்பனி. காசு கொடுப்பது மாசுபடுத்தியவர், அல்லது அவர் அகப்படாவிட்டால் அரசு. ஒப்பந்தகாரர் வரைபடத்தில் உள்ளதை நிலத்தில் செய்து முடிப்பவர். ஆகவே 'எங்கட மண்ணில் இன்னும் நஞ்சு கிடக்கு' என்று கம்பனித் தலைவரின் வாசலில் போய் நின்றால், 'எனக்குத் தந்த அளவுக்குச் செய்துவிட்டேன்' என்பார். அவர் சொல்வது பல நேரம் உண்மையாகவும் இருக்கும்.

ஆனாலும் குடும்பத் தலைமைக்கென்று ஒரு கனம் உண்டு. அரச ஒப்பந்தம் எடுக்க வேண்டுமென்றால் வேலையை முடித்துக் கொடுப்பதாகப் பிணைமுறி வைக்க வேண்டும். பிணை தரும் நிறுவனம் சிறிய, குடும்பத்தாருக்கு மட்டும் சொந்தமான கம்பனி என்றால், உரிமையாளர்களைத் தனிப்பட்ட முறையிலும் கையெழுத்து வைக்கச் சொல்வது வழமை. வேலை பாதியில் நின்றால் கம்பனியின் இயந்திரம் மட்டும் போகாது, சொந்த வீடும் போகலாம். பங்குச் சந்தையில் உள்ள பெரிய கம்பனியின் நிறைவேற்றுப் பணிப்பாளர் மூன்று வருடத்தில் வேறு கம்பனிக்குப் போய்விடுவார். குடும்பப் பெயரைக் கொண்டவர் போக இடமில்லை. அதே நகரத்தில், அதே தேவாலயத்தில், தான் மண் அள்ளிய தெருவின் சனத்தை அவர் பார்க்க வேண்டும். இது நல்ல பக்கம். நான் இதைக் குறைத்து மதிப்பிடவில்லை.

மறுபக்கமும் உண்டு. தகப்பன் தலைவராகவும் மகன் நிதிப் பொறுப்பாளராகவும் இருக்கும் இடத்தில் 'இது சரியில்லை' என்று சொல்வது யார்? எங்கள் ஊர்க் கடைகளையும் அச்சகங்களையும் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கணக்காளரும் பாதுகாப்பு உத்தியோகத்தரும் குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்களாக, தலைவரின் முகத்துக்கு நேரே பேசக்கூடியவர்களாக இருக்க வேண்டும். இருவரில் பாதுகாப்பு உத்தியோகத்தரையே முதலில் பார்க்க வேண்டும் என்பேன். நஞ்சுக்கழிவு வேலைத்தளத்துக்கு அமெரிக்காவில் தனியான தொழிற்பாதுகாப்பு விதி இருக்கிறது. சாதாரண தொழிலாளிக்கு 40 மணித்தியாலப் பயிற்சியும் மூன்று நாள் மேற்பார்வையோடு கூடிய களப்பயிற்சியும் வேண்டும். மேற்பார்வையாளருக்கு அதற்கு மேல் 8 மணித்தியாலம். எல்லோருக்கும் ஆண்டுதோறும் 8 மணித்தியால மீள்பயிற்சி. தளத்தை மூன்றாகப் பிரிப்பார்கள்: நஞ்சுள்ள பகுதி, உடையும் சப்பாத்தும் கழுவும் பகுதி, சுத்தமான பகுதி. லொறி ரயர் கழுவாமல் தெருவுக்கு வரக்கூடாது. காற்றில் அளவு கூடினால் வேலையை நிறுத்தும் அதிகாரம் பாதுகாப்பு உத்தியோகத்தருக்கு இருக்க வேண்டும். ஒரு நாள் வேலை நிற்பது கம்பனிக்குப் பெரிய நட்டம். அந்த நட்டத்தை ஏற்படுத்த அவருக்குத் துணிவு வருமா என்பது, மேலே இருக்கும் குடும்பம் கடைசியாக ஒருவர் அப்படி நிறுத்தியபோது அவரை எப்படி நடத்தியது என்பதில் தங்கியிருக்கிறது.

நாளாந்தம் நிலத்தோடு வாழ்பவர் தள மேற்பார்வையாளர். எந்த மண் எந்த லொறியில் ஏறுகிறது, எங்கே மண்மாதிரி எடுக்கப்படுகிறது, மழை வந்தால் குவியலைத் தறப்பாளால் மூடுவது எப்போது என்பதெல்லாம் அவர் கையில். அவருக்கு மேலே திட்ட முகாமையாளர். விலைமனுக்களைத் திறப்பது, உபஒப்பந்தகாரரைத் தெரிவது, பற்றுச்சீட்டில் கையெழுத்து வைப்பது அவர். நான் வாசித்த பதிவுகளில் எல்லாவற்றையும் விட என்னை யோசிக்க வைத்தது இந்தக் கதிரைதான். அதற்கு மான்வில் கதையைச் சொல்ல வேண்டும்.

மான்வில் என்பது நியூ ஜேர்சி மாநிலத்தில் உள்ள சிறிய ஊர். அங்கே ரயில்பாதைச் சிலிப்பர் கட்டைகளுக்குக் கிரியோசோட் ஏற்றும் ஆலை ஒன்று 1950கள் வரை இயங்கியது. எங்களில் வயது போனவர்களுக்கு அந்த மணம் தெரியும். யாழ்தேவி நின்றபிறகு தண்டவாளமும் சிலிப்பரும் பங்கருக்குப் போன காலத்தில், அந்தக் கட்டைகளுக்குக் கீழே குந்தியிருந்தவர்கள் நாங்கள். மான்வில் ஆலையின் கிரியோசோட் கழிவு வாய்க்கால்களிலும் குட்டைகளிலும் தேங்கியிருந்தது. அவற்றை அப்படியே மூடி, 1960களில் மேலே வீடுகள் கட்டினார்கள். 1990களின் நடுப்பகுதியில் நிலம் தாழ்ந்து கறுப்புத் தார் வெளியே வந்தபோதுதான் குடியிருந்தவர்களுக்குத் தெரியவந்தது. 1999இல் அந்த இடம் சுப்பர்ஃபண்ட் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சில வீடுகளை அரசு வாங்கி இடித்தது. மாசடைந்த மண் தோண்டப்பட்டது. அதில் ஒரு பகுதி கனடாவின் கியூபெக் மாகாணத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சூட்டில் சுத்திகரிக்கப்பட்டது.

பிரதான ஒப்பந்தகாரர் செவென்சன். ஒப்பந்தத்தை நடத்தியது அமெரிக்க இராணுவப் பொறியியல் படையணி. காசு சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தினுடையது. உபஒப்பந்தங்களின் செலவு அரசின் கணக்கில் ஏறும். இதில்தான் ஓட்டை. உபஒப்பந்தகாரர் விலையைக் கூட்டிக் கேட்டால் பிரதான கம்பனியின் பெட்டியிலிருந்து ஒன்றும் போகாது. வரி கட்டும் சனத்தின் காசுதான் போகும்.

கம்பனியின் திட்ட முகாமையாளர் ஒருவர் பல உபஒப்பந்தகாரரிடம் இலஞ்சம் வாங்கினார். போட்டியாளர்கள் எவ்வளவு விலை எழுதியிருக்கிறார்கள் என்ற இரகசியத்தைத் தனக்கு வேண்டியவர்களுக்குச் சொன்னார். அவர்கள் அதற்குச் சற்றுக் கீழே தங்கள் விலையை எழுதினார்கள். ஒரு தொன் மண்ணுக்கு எவ்வளவு என்ற விலைக்குள் இலஞ்சமும் ஏற்றப்பட்டது. காசு மட்டும் இல்லை, உல்லாசக் கப்பல் பயணங்களும் வீட்டுக்கு இலத்திரனியல் சாமான்களும் கைமாறின. கியூபெக்கில் மண்ணைச் சுத்திகரித்த கனேடியக் கம்பனி, தோண்டிய குழிகளை நிரப்ப நல்ல மண் கொடுத்தவர் என்று பலர் சிக்கினார்கள். முகாமையாளர் 2013இல் குற்றவாளியாகக் காணப்பட்டு 2014இல் 14 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். கனேடியக் கம்பனியின் முன்னாள் தலைமை நிறைவேற்று அதிகாரி அமெரிக்காவுக்கு நாடுகடத்தப்பட்டு, 2016இல் குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டு 5 ஆண்டுத் தண்டனை பெற்றார். செவென்சன் மீதான சிவில் குற்றச்சாட்டுகள் 2.72 மில்லியன் டொலர் இணக்கத் தீர்வோடு முடிந்தன. இணக்கத் தீர்வு என்பது குற்ற ஒப்புதல் அல்ல என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, மோசடி நடந்த இடம். குடும்பப் பெயரைக் கொண்ட தலைவரின் மேசையில் அது நடக்கவில்லை. அவருக்குச் சில படி கீழே, சனத்துக்குப் பெயரே தெரியாத ஒரு சம்பள உத்தியோகத்தரின் மேசையில் நடந்தது. அரைவாசி உலகத்துக்குத் தெரிந்த ஒரு பெயர், இரண்டு தலைமுறை அனுபவம், அரச மேற்பார்வை எல்லாம் இருந்தும் விலைமனு உறைகள் ஒரே ஆளின் கையில் இருந்தன. குடும்பக் கம்பனியில் நம்பிக்கை கணக்காய்வின் இடத்தைப் பிடித்துவிடுவது சுலபம். 'அவன் எங்கட ஆள்' என்ற ஒரு சொல் பல கையெழுத்துகளுக்குச் சமமாகிவிடும். பெரிய கம்பனிகளிலும் களவு நடக்கும், ஆனால் அங்கே குறைந்தது இன்னொரு திணைக்களம் அந்த உறையைத் திறந்து பார்க்கும். அந்த ஊர்ச் சனத்தின் வளவுக்குள் போட்ட மண்ணும் அந்தப் பற்றுச்சீட்டுகளுக்குள் இருந்தது என்பதுதான் எனக்கு உறைத்தது. விலையில் பொய் சொல்பவர் மண்ணின் தரத்தில் உண்மை சொல்வார் என்று நம்ப வேண்டியிருந்தது அவர்களுக்கு.

எங்களுக்கு இதில் அந்நியமில்லாத ஒரு ஒப்பீடு இருக்கிறது. வன்னியில் மீளக்குடியமர்ந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். கண்ணிவெடி அகற்றிய நிறுவனமே 'இனிப் போகலாம்' என்று சொன்னதோடு நிலம் திறபட்டுவிடவில்லை. 2010இல் உருவாக்கப்பட்ட தேசிய கண்ணிவெடி நடவடிக்கை மையத்தின் கீழ், தரத்தைப் பரிசோதிப்பவர்கள் வேறாக இருந்தார்கள். கிண்டியவர் ஒருவர், சான்று கொடுத்தவர் இன்னொருவர். குறைகள் இருந்திருக்கலாம். ஆனால் கோட்பாடு அதுதான். எண்ணெய்க்கும் இரசாயனத்துக்கும் அதே கோட்பாடு பொருந்தும். மாதிரியை எடுப்பவரும் ஆய்வுகூடமும் ஒப்பந்தகாரரின் சம்பளத்தில் இருந்தால் அந்தச் சான்றிதழுக்குப் பெறுமதி குறைவு.

சுன்னாகத்தில் பிரச்சினை அதற்கும் முன்னமே தொடங்கியது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பரிசோதனைகள் கிணறுகளில் எண்ணெய் இருப்பதாகக் காட்டின. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு வேறுவிதமாகச் சொன்னது. யுத்தகாலத்தில் சேதமடைந்த எண்ணெய்த் தாங்கிகளிலிருந்து கசிந்தது என்ற வாதமும் எழுந்தது. எந்த அறிக்கையை நம்புவது என்று தெரியாமல், சனம் பவுசர் தண்ணீருக்குக் கான்களோடு நின்றது. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்தில் நீர் மணலில் ஊறுவதுபோல மெதுவாகப் போவதில்லை. வெடிப்புகளுக்குள்ளால் ஓடும். ஒரு கிணற்றில் இன்று இல்லாதது மாரிக்குப் பிறகு வரலாம். ஆகவே ஒருமுறை கிணறு இறைத்துவிட்டு முடிந்தது என்று கையெழுத்து வாங்க வரும் எந்தக் கம்பனியையும், அது உள்ளூரோ வெளிநாடோ, குடும்பமோ கூட்டுத்தாபனமோ, நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். எத்தனை வருடம் கண்காணிப்பீர்கள், அந்தக் காசு எங்கே வைப்பிலிடப்பட்டிருக்கிறது என்று அதன் தலைவரைக் கேட்க வேண்டும். மண்ணை எங்கே கொண்டுபோகிறீர்கள், போய்ச் சேர்ந்ததற்கான பற்றுச்சீட்டைக் கிராம அபிவிருத்திச் சங்கம் பார்க்கலாமா என்று திட்ட முகாமையாளரைக் கேட்க வேண்டும். உபஒப்பந்தகாரர்களின் பெயர்ப்பட்டியலை வேலை தொடங்கும் முன்பே கேட்க வேண்டும். தலைவரின் மைத்துனரின் லொறிக் கம்பனி அதில் இருந்தால், அது தானாகக் குற்றமில்லை. ஆனால் அந்த விலையை மற்ற விலைமனுக்களோடு ஒப்பிட்டவர் யார் என்பது சனத்துக்குத் தெரிய வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் எங்களுக்கு இருக்கிறது. அரச நிறுவனம் ஒன்று செய்யும் ஒப்பந்தத்தைக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

அமெரிக்காவில் 1986இல் சுப்பர்ஃபண்ட் சட்டம் திருத்தப்பட்டபோது ஒரு நல்ல ஏற்பாடு சேர்க்கப்பட்டது. பாதிக்கப்பட்ட சமூகம் தனக்கென்று ஒரு தொழில்நுட்ப ஆலோசகரை வைத்துக்கொள்ள 50,000 டொலர் வரை முதற்கட்ட மானியம் கோரலாம். ஆய்வறிக்கையைச் சனத்தின் மொழியில் விளக்குவதும், ஒப்பந்தகாரர் சொல்வதை எதிர்த்துக் கேட்பதும் அவரின் வேலை. லோயிஸ் கிப்ஸுக்கு பேய்ஜன் தானாக வந்து உதவினார், எல்லா ஊருக்கும் அப்படி ஒருவர் வரமாட்டார். சுன்னாகத்துக்கு அப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால், இரண்டு அறிக்கைகளுக்கு இடையில் நின்ற சனத்துக்குச் சம்பளம் வாங்காத ஒருவரின் சொல்லை எதிர்பார்க்க வேண்டியிருந்திருக்காது. பல்கலைக்கழகமும் புலம்பெயர் நிபுணர்களும் இருக்கும் எங்கள் சமூகத்துக்கு இது எட்டாத விடயம் என்று நான் நினைக்கவில்லை.

லவ் கனால் 2004 செப்டெம்பர் 30ஆம் திகதி தேசிய முன்னுரிமைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஹூக்கரை வாங்கிய ஒக்சிடென்டல் கம்பனி 1994இல் நியூயோர்க் மாநிலத்துக்கு 98 மில்லியன் டொலரும், 1995இல் மத்திய அரசுக்கு 129 மில்லியன் டொலரும் தர இணங்கியது. கழிவு எடுக்கப்படவில்லை, மூடிக்குக் கீழே அப்படியே இருக்கிறது. வேலியும் கண்காணிப்புக் கிணறுகளும் இருக்கின்றன. சுற்றிவரப் போட்ட அந்தத் துளைக்குழாய்களிலிருந்து கசிவுநீர் இன்றும் இறைக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்படுகிறது.